மின்மினி இறங்கிய குழி

மாசாணியம்மாளுக்கு இருட்டில்தான் வேலை. துடியலூரில் பம்பு உதிரிபாகம் செய்துகொண்டிருந்த மதன்குமாரின் பட்டறை, சில வருடங்களாகச் சுண்டுவிரல் நீள உலோக மீன்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பி வந்தது. வெள்ளைப் பூச்சு அடித்து, அதன்மேல் ஒளிரும் பவுடர் கலந்த வார்னிஷைப் பூசிக் காயவைத்து, தட்டுத் தட்டாக அவளிடம் கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் விளக்கைப் போட்டு அவற்றின்மேல் வெளிச்சம் படவிடுவாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். முழு மீனும் பச்சையாக ஒளிர்ந்தால் அனுப்பலாம். திட்டுத் திட்டாக ஒளிர்ந்தால் கழிவு. பட்டறையில் எல்லாரும் அதை மின்மினி என்றே சொன்னார்கள். தூண்டிலில் கட்டுகிற பொய்மீன் என்று மதன்குமார் ஒருமுறை சொல்லியிருந்தார். கடலில் போடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே மகள் கயல்விழி. நர்சிங் படித்துவிட்டுக் கனடாவில் வின்னிபெக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். போன தடவை லீவில் வந்தபோது, அம்மா கழித்துப்போட்ட மின்மினிகளில் ஒன்றை எடுத்துச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு போனாள். அவளோடு ஒரே வார்டில் வேலை பார்த்த சைத்ரா என்கிற மைசூர்ப் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். தன் வீட்டுக்காரர் பனிக்காலத்தில் இதை வைத்துத்தான் மீன் பிடிக்கிறார், ஒருநாள் நீயும் வா என்று கூப்பிட்டாளாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் மாசாணியம்மாள் டப்பாவில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கயல்விழி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே முன்னிரவு. கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தை மூடியிருந்தாள்.

"அம்மா, நான் எங்க நிக்கறன்னு சொல்லு பாக்கலாம்."

போனைச் சுற்றிக் காட்டினாள். லாந்தர் வெளிச்சம் எட்டிய மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. தூரத்தில் ஒரு கார் நின்றது. ஏதோ காடு, பனி பெய்து மூடியிருக்கிறது என்றாள் மாசாணியம்மாள். கயல்விழி சிரித்தாள். அது ஏரி என்றாள். மேல்தண்ணீர் கல்லாக உறைந்திருக்கிறது, அதன்மேல்தான் நிற்கிறோம், அடியில் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் என்றாள்.

மாசாணியம்மாளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மகள் அதைக் கவனிக்கவில்லை. பனியில் துளைத்திருந்த வட்டமான குழியைக் காட்டினாள். அம்மா கழித்துப்போட்ட அந்த மின்மினியை டார்ச் வெளிச்சத்தில் காட்டி, தூண்டில் நரம்பில் கட்டி உள்ளே விட்டாள். கருந்தண்ணீருக்குள் பச்சைப் பொட்டு இறங்கிக்கொண்டே போனது. இருட்டில் மீனுக்கு இந்த வெளிச்சம்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, எங்கோ வெடி வைத்தது போல டமாரென்று ஒரு சத்தம். கயல்விழி கத்தினாள். படம் தலைகீழாகச் சுழன்றது. திரை முழுக்கத் தண்ணீர். ஒரு நொடி குமிழிகள் தெரிந்தன. அப்புறம் ஒன்றுமில்லை.

மாசாணியம்மாள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை.

அவள் புருஷன் ஐயாசாமி தண்ணீரில் போனவன். ஆனைமலைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வாய்க்காலில் விழுந்த கன்றுக்குட்டியைப் பிடிக்க இறங்கினான். கன்று கரையேறிவிட்டது. அவனை மூன்றாம் நாள் மதகில் எடுத்தார்கள். நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு துடியலூருக்கு வந்தவள், அதன்பிறகு அவளைக் குளத்தங்கரைக்குக்கூட விட்டதில்லை. பள்ளியில் கொடிவேரி அணைக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது கயல்விழி மட்டும் வீட்டில் இருந்தாள்.

செருப்புகூடப் போடாமல் பட்டறைக்குப் போனாள். மதன்குமார் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் என்னமோ ஏதோவென்று பதறி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார்.

"ஏனுங் தம்பி, புள்ள ஏரிக்குள்ள போயிருச்சுங்க" என்றாள்.

அவள் பாதி சொல்லியும் சொல்லாமலும் விட்டதிலிருந்து விஷயத்தைத் தெரிந்துகொண்ட மதன்குமார், மின்மினி வாங்குகிற கனடாக்காரருக்கு உடனே போன் போட்டார். பேசிவிட்டு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இந்த மாதத்தில் அங்கே பனி முழங்கை நீளத்துக்குக் கனமாக இருக்கும், காரே ஓட்டுகிறார்கள், குளிர் ஏற ஏற அது வெடிக்கிற மாதிரிச் சத்தம் போடுவது வழக்கம்தான் என்று அந்த ஆள் சொன்னதைச் சொன்னார்.

"தண்ணி வந்ததை நான் கண்ணால பாத்தனுங்க" என்றாள் மாசாணியம்மாள்.

வேலைக்கு வந்தவர்கள் மெஷினைப் போடாமல் சுற்றி நின்றார்கள். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஆடை கட்டிப் போயிற்று.

அவள் கையிலிருந்த போன் அடித்தபோது தெரியாத நம்பர் வந்தது. எடுத்தது மதன்குமார். சைத்ராவின் போனிலிருந்து கயல்விழி மூச்சிரைக்கப் பேசினாள். சத்தம் கேட்டுத் திடுக்கிட்ட அதே நேரத்தில் மீனும் இழுத்ததாம். போன் கைநழுவிக் குழிக்குள் போய்விட்டதாம். அம்மாவின் நம்பருக்கு உடனே கூப்பிட்டும் சைத்ராவின் போனுக்கு அங்கே சிக்னல் கிடைக்காமல், காரில் கரைக்கு வந்து பேசுகிறாளாம்.

"அம்மா இங்க உசுரில்லாம உக்காந்திருக்காங்க கண்ணு. மொதல்ல மொகத்தக் காட்டு" என்றார்.

கயல்விழியின் முகம் வந்தது. மூக்கு சிவந்து, இமைமயிரில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. மாசாணியம்மாள் நெடுநேரம் பார்த்தாள்.

"காலக் காட்டு."

கயல்விழி போனைக் கீழே திருப்பினாள். ரோட்டோரத்தில் இரண்டு பூட்ஸ் கால்கள். அதைப் பார்த்த பிறகுதான் மாசாணியம்மாளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லச் சொன்னாள்.



"போவேன்மா. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். நான் நீச்சல் கத்துக்கிட்டேன். ஒரு வருசமாச்சு."

பனி வெடித்தபோது அடித்த அடி ஒன்று, இது வேறு. இத்தனை வருடம் எதன் அருகிலும் விடாமல் காத்தாளோ, அதற்குள்ளேயே மகள் வாரம் தவறாமல் இறங்கியிருக்கிறாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் குளம், சொல்லித்தர ஒரு அம்மா இருக்கிறார் என்றாள் கயல்விழி. முதல் மாதம் முழுக்க மார்பளவுத் தண்ணீரில் நின்று அழுதாளாம்.

"அப்பாவ நெனச்சுக்கிட்டுத்தாம்மா தலைய உள்ள உட்டேன். பயந்துக்கிட்டே எத்தன நாளைக்கு இருக்கறது?"

மாசாணியம்மாள் போனை மதன்குமாரிடம் கொடுத்தாள்.

அன்று வேலை செய்ய முடியவில்லை. மறுநாளும் இருட்டறையில் விளக்கை அணைத்ததும் தட்டு முழுக்கப் பச்சைப் பொட்டுகளாக எழும்ப, அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். மதன்குமார் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

பனி இளகுகிற பங்குனியில்தான் அது உடைந்து ஆட்கள் தண்ணீருக்குள் போவது உண்டென்று மகளையே கேட்டுத் தெரிந்துகொண்டாள். மாசி முடிந்தால் ஏரிப்பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றாள். கயல்விழி அதற்கு ஒத்துக்கொண்டாள். லீவு நாளில் ஏரிக்குப் போகுமுன் ஒரு தடவை கூப்பிடுகிறாள். கரையேறியதும் ஒரு தடவை. அந்த இரண்டுக்கும் நடுவில் மாசாணியம்மாளிடம் பட்டறையில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.