நன்றி சொல்லாத வாசகம்

தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தான். எங்கோ தூர தேசத்துக் கடலில், மேலதிகாரி போகச் சொன்ன படகில் போனான். படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவே இல்லை. பதினோரு வருடமாகக் கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கிளம்பும்போது, நானும் அம்மாவும் உழவர்கரை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கே கொண்டுபோய் ஏற்றுவது?

அதனால், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் இரவுப் பூசையில் வரும் ஒரு வாசகம் எனக்கு ஆகாது. கடவுள் கடலைப் பிளந்து தம் மக்களை நடத்திச் செல்வார். துரத்தி வந்த வீரர்களை அதே கடலில் அமிழ்த்துவார். கொடுமை செய்தவன் அரசன். அவன் பேச்சைக் கேட்டுத் தேரோட்டி வந்தவன் ஏன் சாக வேண்டும்? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஜெபமாலை சொல்லச் சொல்வார்கள்.

ஆனாலும் ஒரு ஆறுதலைப் பிடித்துவைத்திருந்தேன். மற்ற வாசகங்கள் முடிந்ததும் படித்தவர் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்பார். நாங்கள் ‘இறைவா உமக்கு நன்றி’ என்போம். இதற்கு மட்டும் அது கிடையாது. இந்தச் சாவுகளுக்கு நன்றி வாங்கிக்கொள்ளக் கடவுளுக்கே மனசில்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

இந்த வருடம் அந்த வாசகத்தைப் படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மத்தியானம் ஒத்திகையின்போது என் கண்டுபிடிப்பைப் பங்குச் சாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன். சின்ன வயதுக்காரர், சிரித்துவிட்டார்.

“அதெல்லாம் இல்லக்கா. ஒடனே பாட்டு எடுக்கணும்ல, அதுக்குத்தான்.”

என்ன பாட்டு? அந்த வீரர்கள் மூழ்கியதைக் கொண்டாடுகிற பாட்டு. பதினோரு வருட ஆறுதல் ஒரே பேச்சில் போயிற்று.

“அப்ப அந்த சொல்தாங்களப் பெத்தவங்க எந்தப் பாட்டப் பாடுவாங்க ஃபாதர்?”

அவர் சிரிப்பு நின்றது. “தெரியலக்கா. வேற யாரையாவது படிக்கச் சொல்லட்டா?”

“வேணாம், நானே படிக்கிறேன்.” கோபத்தில்தான் சொன்னேன்.

அன்று இரவு படித்தேன். மடிந்தவர்கள் கடற்கரையில் கிடந்ததைப் பிழைத்தவர்கள் பார்த்தார்கள் என்று முடிவில் வரும். எங்கள் கோவிலில், படித்தவர் பீடத்துக்குத் தலை வணங்கிய பிறகுதான் பாடகர் குழு பாட்டு எடுக்கும். நான் வணங்கவில்லை. கீபோர்டுக்காரர் விரலைத் தூக்கியபடி என்னையே பார்த்தார். பார்க்கட்டும் என்று நின்றேன். கடவுளிடம் நியாயம் கேட்கும் எண்ணமெல்லாம் விட்டுப்போயிருந்தது. எனக்குத் தம்பி வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அமைதியில் முதல் வரிசையிலிருந்து அம்மா மட்டும் உரக்கச் சொன்னாள்: “இறைவா உமக்கு நன்றி.”

 அவசரமாக வணங்கிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியிருந்தது. அவள் காதருகே குனிந்து கேட்டேன்.

“இதுக்குப் போயி யாராச்சும் நன்றி சொல்லுவாங்களாம்மா? வாய் தவறி வந்துடுச்சா?”

“தெரிஞ்சிதான்டீ சொன்னேன்,” என்றாள் அம்மா. “அந்தப் புள்ளைங்க கரைக்காவது வந்துட்டாங்கல்ல.”