சிடுமூஞ்சியைச் சிடுமூஞ்சிக்குக் கட்டிவைத்தால்

எழுபதுகளின் கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட் அடித்துத் தோற்ற பெண்களுக்கென்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டுடோரியல் நடந்தது. சைக்கிள் கடை மாடி. கீழே டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம், அடுத்த தெருவில் தறிச்சத்தம், நடுவில் எங்கள் வாத்தியாரின் சத்தம். மூன்றில் தறிச்சத்தம்தான் எனக்குப் புரிந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க் வாங்கிவிட்டு இந்த ஒன்றில் மட்டும் கவிழ்ந்தவள் நான். கணக்கு என்றாலே எனக்குக் கோபம்தான் வரும், பயம் வராது.

என் பெஞ்சில் உட்கார்ந்தவள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளும் கணக்கில் மட்டும்தான் போயிருந்தாள். ஆனால் என்னைப் போல இல்லை, அவளுக்கு இதில் வாழ்வே இருந்தது. செப்டம்பர் பரீட்சையில் தேறினால் நர்ஸ் படிப்புக்கு அனுப்புவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். தேறாவிட்டால் தை மாதம் கல்யாணம். வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை ரெடியாக இருந்தார்.

"ஆளு எப்படிட்டி?" என்று கேட்டேன்.

"மீசைதான் வந்து பாத்துட்டுப் போச்சு. ஆளு பின்னாலயே வரும்னு நினைக்கேன்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குப் புத்தகத்துக் கணக்கு ஏறுமா? அதனால் அவளே ஒரு கணக்குப் பாஷை செய்துகொண்டாள். ப்ளஸ் எண்ணுக்குச் சிரிச்சமூஞ்சி என்று பெயர். மைனஸ் எண்ணுக்குச் சிடுமூஞ்சி. கண்டுபிடிக்கவேண்டிய எக்ஸ், ஓடிப்போனவன். மேலே பெரிய எண்ணை வைத்துக்கொண்டு கீழே நோஞ்சானாக நிற்கும் பின்னம், மண்டைக்கனம். எண்ணி முடியாத அளவுக்குப் போனால் தபசு. எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒன்றுமே இல்லாத வெற்றுக் கணத்துக்கு ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடம் என்று வைத்தாள். சமன் குறிதான் எல்லாவற்றிலும் உசத்தி. அதற்கு மாமியார் வாசல் என்று பெயர்.

"மைனஸை மைனஸால பெருக்கினா எப்படிட்டி ப்ளஸ் வரும்?" என்று ஒரு நாள் நான் சலித்துக்கொண்டபோது, அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"சிடுமூஞ்சியைச் சிடுமூஞ்சிக்குக் கட்டிவச்சா ரெண்டும் சிரிச்சிரும். எங்க பெரியப்பாவையும் பெரியம்மையையும் வந்து பாரு. கட்டிவைக்காம ஒரே வீட்டுல சும்மா விட்டா மட்டும் சிடுசிடுப்பு கூடத்தான் செய்யும். அது கூட்டல்."

இதையே வாத்தியார் மாதக்கணக்கில் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தார்.

சமன்பாடும் அப்படித்தான். "ஓடிப்போனவனைப் பிடிக்கணும்னா முதல்ல அவனைத் தனியா நிறுத்தணும். கூட நிக்கதுகளை மாமியார் வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் அனுப்பு. வாசலைத் தாண்டினா குணம் மாறும். இங்கன சிரிச்சிக்கிட்டு நின்னது அங்கன போய்ச் சிடுசிடுங்கும். சிடுமூஞ்சியா போறது சிரிக்கும்." சொல்லிக்கொண்டே போட்டு முடித்துவிடுவாள். விடை சரியாக இருக்கும்.

ஒரு நாள் வாத்தியார் இதைக் கேட்டுவிட்டார். "இது கணக்கா, இல்லை கல்யாண வீட்டுப் பேச்சா?" என்று சாக்பீஸைக் கீழே போட்டார். பெஞ்சு முழுக்கக் குனிந்துகொண்டு சிரித்தது. அவள் மட்டும் எழுந்து நின்று, "விடை சரிதானே சார்?" என்றாள். அவர் கீழே விழுந்த சாக்பீஸை அவரே எடுத்துக்கொண்டார்.

நான் எச்சரிக்கைக்காரி. அவள் பாஷையில் சிரித்தேன், ஆனால் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்து வாக்கியங்களை அட்சரம் பிசகாமல் உருப்போட்டேன். இருபுறமும் கழிக்க, இடமாற்றம் செய்ய, எனவே நிறுவப்பட்டது. சொல்லும்போதே ஒரு கம்பீரம் இருந்தது.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டோம். அவள் சொன்னதும் நான் சொன்னதும் பல இடங்களில் ஒத்துவரவில்லை. அவள் தப்பாகப் போட்டிருக்கிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "ஸ்டெப்புக்குக் காரணம் என்னன்னு எழுதின?" என்று கேட்டேன்.

"வாசலைத் தாண்டியதால் குணம் மாறியது" என்றாள் சாதாரணமாக.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரிவலம் பஸ் வந்து நின்றது, அவள் ஏறவில்லை. பரீட்சைத்தாளில் ஒரு இடத்தில் அல்ல, எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். கடைசி வரியில், "எனவே ஓடிப்போனவன் பிடிபட்டான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு அந்த மீசையின் ஞாபகம் வந்திருக்கவேண்டும், பையை மார்போடு கட்டிக்கொண்டாள். "கூறுகெட்டவளே, பரீட்சையிலயா உன் பாஷையை எழுதுவ?" என்று திட்டினேன். அடுத்த பஸ்ஸில் போனாள்.

ரிசல்ட் வரும்வரை எனக்கு அவள் கவலையே பெரிதாக இருந்தது. எந்த ஊரிலோ முன்பின் தெரியாத ஒருவர், சிவப்புப் பேனாவும் கையுமாக, மாமியார் வாசலில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார். அவர் வீட்டு நிலவரம் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

பரீட்சை எழுதிய பள்ளிக்கூடத்திலேயே ஆபீஸ் ஜன்னலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அவள் ஜன்னல் பக்கமே வரமாட்டேன் என்றதால் நான்தான் அவள் ஹால் டிக்கெட்டை வாங்கி நீட்டினேன். கிளார்க் பார்த்துவிட்டு, "பாஸு" என்றார். "நல்லாப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். "ரெண்டு தடவ பாத்தாச்சும்மா, பாஸுதான்."

நான் குதித்தேன். அவளைக் கட்டிப்பிடித்து அந்த வராந்தாவில் சுற்றினேன். அந்த முகம் தெரியாத மனிதர் நல்லாயிருக்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்துவிட்டோம்.

"உனக்கு என்னட்டி ஆச்சு?" என்றாள்.

நான் கேட்கவே இல்லை. என் ஹால் டிக்கெட் என் பையிலேயே இருந்தது. திரும்ப ஓடினோம். இந்தத் தடவை அவள்தான் அதை வாங்கி ஜன்னலில் நீட்டினாள். கிளார்க் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நீ எப்படி எழுதின?" என்று கேட்டாள்.

"புஸ்தகத்துல இருந்த மாதிரியேதான்."

"ஏன்ட்டி அப்படி எழுதின?" என்று என் தலையில் ஓங்கிக் குட்டினாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீசை வந்து பார்த்துவிட்டுப் போனபோதுகூட அழாதவள். எனக்கு அழுகை வரவில்லை. ஒருத்தி எனக்காக இப்படி அழுகிறாளே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.