தேக்கடி ஏரியில் மண்டியிட்ட யானை

1981 பங்குனியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போடியிலிருந்து குமுளிக்குப் புறப்பட்டோம். நானும் என் மனைவியின் தம்பி செல்வராசுவும். நான் போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பவன். அவனுக்குத் தேவாரத்தில் மலையடியில் இரண்டு ஏக்கர் வாழை. மூன்று வருஷமாக யானைகள் வந்து அழித்துவிட்டுப் போகின்றன. மரம் ஒடிகிற சத்தத்தை இருட்டில் கேட்டிருக்கிறானே தவிர, காட்டு யானையைப் பகலில் அவன் பார்த்ததில்லை. அதைக் காட்டத்தான் அழைத்துப் போனேன்.

மறுநாள் குமுளியிலிருந்து தேக்கடிப் படகுத்துறைக்கு நாலு கிலோமீட்டர் நடந்து, ஏழு மணிப் படகைப் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு ஐந்து ரூபாய். தண்ணீருக்குள் பட்டமரங்கள் கறுப்பாக நின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்தன. நீர்நாய் ஒன்று மீனோடு கரையேறியதைப் பார்த்து செல்வராசு வாய்விட்டுச் சிரித்தான்.

ஏழே முக்காலுக்குப் படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். யாரும் மிண்டக் கூடாது, வாயே திறக்கக் கூடாது என்று மலையாளம் கலந்த தமிழில் எச்சரித்தார்.

கரையில் நான்கு யானைகள், ஒரு குட்டி. மூன்று யானைகள் தும்பிக்கையால் உறிஞ்சிக் குடித்தன. குட்டியின் தாய் மட்டும் முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு, மாட்டைப் போல வாயைத் தண்ணீரில் வைத்தது. அதற்குத் தும்பிக்கை பாதிதான் இருந்தது. முனையில் பழைய தழும்பு.

கேமராவைத் தூக்கியிருந்தவர்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள். பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு இப்படிச் செய்யும், இறுகி இறுகி நாள்கணக்கில் அழுகி அறுந்துவிடும் என்றார் படகோட்டி.

செல்வராசு என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், நானும் வச்சிருக்கேன். மூணு."

"எந்தக் கம்பி?"

"நீங்க வாங்கிக் குடுத்த கம்பிதான்."

அது பழைய ஜீப்பு பிரேக் கம்பி. வேலிக்கு என்று அவன் கேட்டான். போடியில் ஒரு பட்டறையில் சொல்லி நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"போன வாரம் ஒண்ணு அந்து கெடந்துச்சு. ஒரே ரத்தம். பன்னின்னு நெனச்சுத் தடம் பாக்கல" என்றான். "இன்னும் ரெண்டு கெடக்கு. வெரசா போவோம்."

படகு கரை சேர்ந்ததும் குமுளிக்கு நடந்தோம். கிடைத்த முதல் பஸ்சில் ஏறி, கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் மாறி, மூன்று மணிக்குத் தேவாரத்தில் இறங்கினோம். வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு நடந்தோம்.

இரண்டு சுருக்குகளும் காலியாக இருந்தன. அவன் உள்ளங்கை கிழியக் கிழியப் பிடுங்கி எடுத்தான். மூன்றாவதில், வேப்பமரத்தில் கட்டிய முழ நீளத் துண்டு மட்டும் இருந்தது. அதன் அடியில், காய்ந்துபோன சேற்றில், சோற்றுத் தட்டு அகலத்துக்குக் காலடித் தடம். தடத்தின் பக்கத்தில் சிறிதாக இன்னொன்று.

செல்வராசு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தடங்கள் மலையைப் பார்த்துப் போயிருந்தன.