கரைக்கு வந்த மறுநாள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மாடியில் இருக்கும் என் வக்கீல் அறைக்கு மனைவியோடு வந்தவர் அவர். விசைப்படகு ஓட்டுபவர். பிரிந்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஆறு வயது மகள் அம்மாவிடம் இருப்பாள் என்பதிலும் சண்டையில்லை. அப்பா அவளை எப்போது வந்து பார்ப்பது என்பதை எழுதுவதுதான் மிச்சம்.

கடல் வெயிலில் சுருங்கிப்போன கண்கள் அவருக்கு. எதைக் கேட்டாலும், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“ஞாயிறுதோறும், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை” என்று வழக்கம்போல எழுதப்போனேன்.

ஜன்னலைப் பார்த்தார். “கடலுக்குள்ள ஏதும்மா ஞாயித்துக்கெயம? பத்து நாளும் ஆவும், பாஞ்சு நாளும் ஆவும். கொயந்த வாசல்லயே நின்னுகினு ஏமாந்துபூடும்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. கோர்ட்டுக்குக் கிழமை வேண்டும்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, “போட்டு கரைக்கு வந்த மறுநாள்னு எயுதுங்க வக்கீலம்மா. புள்ளய ரெடி பண்ணி வெக்கிறேன்” என்றார்.

“என்றைக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொல்வது?”

“யாரு சொல்லணும்? காத்து மாறுனா போட்டு திரும்பிடும். எட்டு வருசமா வூட்ல வேற இன்னாத்த பாத்துகினு இருந்தேன்?”

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். இந்த முறை வெகுநேரம் காற்று வாங்கினார்.

அப்படியே எழுதினேன். பிறகு அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் என் மேசைக் காகிதங்கள் திடீரென்று எதிர்ப்பக்கம் படபடக்கும்போது, ராயபுரத்தில் ஒரு வீட்டில் ஒரு சிறுமிக்கு அவள் அம்மா தலைவாரத் தொடங்கியிருப்பார் என்று தோன்றும்.