பேட்டரி இல்லாத விலை

மகளுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, வாரம் ஒருமுறை அவளைப் பிசியோதெரபிக்குக் கோயம்புத்தூர் அழைத்துப்போக வேண்டியிருந்தது. மலைப்பாதை வளைவுகளில் பஸ் குலுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வாள். வாடகைக் காருக்கு எங்கள் சம்பளம் தாங்கவில்லை. நான் அரவேணு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். மனைவி சர்ச் பள்ளியில் டீச்சர்.

பேப்பரில் மின்சாரக் கார் விளம்பரத்தைக் காட்டியது மனைவிதான். பக்கம் முழுக்கக் கார், அடியில் கடன் வாங்கினால் எங்களுக்கும் எட்டுகிற ஒரு விலை. அந்த வாரமே மகளோடு ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த பெண் நீட்டிய தாளில் விலை வேறாக இருந்தது.

“ஏனுங்க, பேப்பர்ல போட்டது இந்த விலை இல்லீங்களே?” என்றேன்.

“அது பேட்டரி இல்லாத விலைங்க சார். பேட்டரிக்கு, ஓடற கிலோமீட்டருக்குத் தக்க, தனியா வாடகை கட்டோணும்.”

“இஞ்சின் இல்லாத பெட்ரோல் காருக்கு இப்படி விளம்பரம் குடுப்பீங்களா?” என்று மனைவி கேட்டாள். அந்தப் பெண் இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள்.

பேட்டரியோடு சேர்த்து வாங்கினால், அதே அளவு பெட்ரோல் காரைவிடப் பல லட்சம் கூடுதல். சில வருடங்களில் பெட்ரோல் மிச்சத்திலேயே அதை எடுத்துவிடலாம் என்றாள் அந்தப் பெண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சம் பிடிப்பதற்கே முதலில் கை நிறையப் பணம் வேண்டும் என்றால், அந்த மிச்சம் யாருக்கு?

ஆனாலும் மனைவி விடவில்லை. வளையல்களை அடகு வைத்து முன்பணம் கட்டினோம். அப்புறம்தான் ஷோரூமில், சார்ஜர் பொருத்த வீட்டுச் சொந்தக்காரரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நாங்கள் இருப்பது எஸ்டேட் குவார்ட்டர்ஸ். மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் பங்களாச் சுவரில் போன மாதம்தான் சார்ஜர் மாட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டேதான் முடியாது என்றார்.

“உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு லைன் வீட்டுல இருக்கற தோட்டத் தொழிலாளிங்களும் கேப்பாங்க.”

“கேக்கட்டுங்க சார். குந்தா பவர்ஹவுஸ்ல கரண்ட் எடுக்கறது நம்ம மலைத் தண்ணியிலதானுங்களே? அவிங்க கேட்டா என்னங்க தப்பு?”

இருபது வருட வேலையில் அவரிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். அவர் உள்ளே போய்விட்டார்.

புக்கிங்கை ரத்து செய்தோம். கட்டியதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் திருப்பித் தந்தார்கள். அதை வைத்து ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினோம். ஏற்றத்தில் முக்குகிறது, புகை கக்குகிறது. மகள் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வருகிறாள், அது போதும் என்கிறாள் மனைவி. எனக்குப் போதவில்லை. பெட்ரோல் பங்க்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் கோபம் தலைக்கு ஏறுகிறது.

போன வாரம் குவார்ட்டர்ஸுக்கும் லைன் வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சார்ஜிங் இடம் கேட்டு மனு எழுதினேன். காரே இல்லாதவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் அதை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேட்கப் போகிறேன்.