தொலைநோக்கிக்காரர் வைத்த பெயர்

எங்கள் பறவைக் குழுவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தொலைநோக்கி யாருடையதோ, அவர் சொல்வதுதான் பறவையின் பெயர். தாலுகா அலுவலக எழுத்தரான என்னிடம் இருந்ததோ பழைய பைனாகுலர். முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கியும் காரும், பாண்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியுடையவை. மரக்காணம் உப்பளத்துக்கு அவரோடு பன்னிரண்டு வருடம் போனேன். பட்டியல் எழுதுவது என் வேலை. எனக்கு எழுத்து அழகாம்.

அந்த ஜனவரிக் காலையில் பாத்தி வரப்பில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் நின்றன. பெயர்தான் பழுப்புத்தலை, குளிர்காலத்தில் தலை வெளுத்து, காதோரம் ஒரு கரும்புள்ளிதான் மிஞ்சும். நடுவில் ஒன்றுக்கு அந்தப் புள்ளியே இல்லை. கழுத்து நீளம். நெற்றி சரிந்து நீண்ட அலகில் இறங்கியது. மெல்லிய அலகுக் கடற்காகம்! எங்கள் குழுவில் யாரும் இங்கே பார்த்ததில்லை. ஒரு பறவையாவது என் பெயரில் பதிவாகாதா என்று ஏங்கிக் கிடந்தவன் நான், மறைப்பானேன்.

“கண்ணு வெளுப்பா இருக்குது பாருங்க தம்பி. பழுப்புத்தலையேதான்” என்றார் அதிகாரி.

“ரெண்டுக்குமே கண்ணு வெளுப்புதான் சார். பறந்தா றெக்கையில தெரிஞ்சிடும், கொஞ்சம் இருங்க.”

அவர் தொலைநோக்கியை மூடிக்கொண்டிருந்தபோது அது பறந்தது. பழுப்புத்தலைக்கு இறக்கை நுனி கறுத்து, அதில் வெள்ளைப் பொட்டு இருக்கும். இதற்கு முன்விளிம்பு முழுக்க வெள்ளை. கத்தினேன்.

“நான் பாக்கலியே. பாக்காததை எழுதக் கூடாது. பழுப்புத்தலைன்னே போட்டுடுங்க, டிபனுக்கு நேரமாவுது.”

போட்டேன். அவர் காரில்தானே ஊர் திரும்ப வேண்டும். எழுதிய தாளையும் அவரிடமே கொடுத்தேன்.

எட்டாம் நாள் குழுவின் வாட்ஸப்பில் அவர் எடுத்த படம் வந்தது. அதே பாத்தி, அதே பறவை. தனியாகப் போயிருக்கிறார். ‘நம் கரையில் முதல் முறை’ என்று எழுதியிருந்தார். ஆளாளுக்குப் பாராட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று, முதலில் பார்த்தது நான்தான் எனக் குழுவிலேயே எழுதினேன்.

அவர் கோபப்படவில்லை. அன்றைய பட்டியலைப் படம் எடுத்துப் போட்டு, கீழே கேட்டார்: “இது தம்பி எழுதினதுதானுங்களே?”

பழுப்புத்தலைக் கடற்காகம், முப்பத்தேழு. வரப்பில் நின்றவற்றில் பழுப்புத்தலை முப்பத்தாறுதான். அந்த ஒன்றையும் சேர்த்து எழுதியவன் நான். எழுத்து அழகாகத்தான் இருந்தது.