பச்சையம்மா பார்த்த பாதிப் படம்

கார்குழலி வீட்டைவிட்டுப் போனது 2005 டிசம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அம்பேத்கர் நினைவு நாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பே வெள்ளை உடுத்திச் சிலைக்கு மாலை போடப் போயிருந்தது. தலைவலி என்று சொல்லி அவள் மட்டும் வீட்டில் இருந்துவிட்டாள். அவளுடைய அம்மா பச்சையம்மா திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் வேலை செய்த இசக்கிப்பாண்டியோடு அன்று மதியமே பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது.

ராயபுரத்தில், துறைமுக வாசலுக்கு எதிரே, வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் வந்து இளைப்பாறும் ஓய்வகம் ஒன்றில் பச்சையம்மாக்கா வேலை பார்த்தார். கூட்டுவது, தேநீர் போடுவது, ஹாலைத் திறந்து பூட்டுவது. நான் அங்கே கவுண்டரில் இருந்தேன். கல்யாணம் நடந்து ஒரு வாரத்துக்குள் கவுண்டர் போனுக்கு கார்குழலி பேசினாள். ரிசீவரை அக்காவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "ராங் நம்பரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்காவின் கணவர் இறந்து பத்து வருஷம். வீட்டில் இருந்தது மகள் ஒருத்திதான். அதன்பிறகு அக்கா சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். மதியம் சாப்பிட்டதும் ஹாலில் இருந்த டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வார். கப்பல்காரர்களை ஏற்றிவரும் வேன் நான்கு மணிக்குத்தான் வரும். அதுவரை யாரும் இருக்கமாட்டார்கள்.

ஹாலில் சிடி அலமாரி ஒன்று இருந்தது. ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துப் போகலாம், அதுதான் முறை. டப்பாவைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று யாரும் பார்ப்பதில்லை. கொரியா, ஈரான், அர்ஜென்டினா, பின்லாந்து என்று எல்லா ஊர்ப் படமும் அங்கே வந்து ஒதுங்கும். அக்காவுக்கு அந்த பாஷைகளும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கிலமும் தெரியாது. முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் கொரியாக்காரன் ஏன் கடைசிப் படகில் ஏறாமல் நின்றான் என்று எனக்கு விளக்கியவர் அவர்தான். நானும் அதே படத்தை எழுத்தோடு பார்த்தேன். அவர் சொன்னது சரி.

வேன் ஓட்டிய அலி அக்பருக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாக்கா, இன்னிக்கு எந்த ஊரு? பாஸ்போர்ட்டு எட்த்துகினியா?"

"போடா, உன் வேன்ல குந்தறதுக்கு இதுல குந்தலாம். ஆட்டமாவது இல்லாம கீது."

2006 மார்ச்சில் ரொமெல் என்ற பிலிப்பைன்ஸ் கப்பல்காரர் ஒரு சிடி வைத்துவிட்டுப் போனார். டிவியின் அறுந்த ஒயரை ஒட்டுப்போட்டுக் கொடுத்த ஆள். டப்பாவில் செருகியிருந்தது வெறும் வெள்ளை அட்டை, படத்தின் பெயர்கூட இல்லை. துருக்கிப் படமா ருமேனியப் படமா என்பதே எனக்குச் சந்தேகம். முக்காடு போட்ட கிராமத்து அம்மா ஒருத்தி. மகள் சண்டை போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுகிறாள். அம்மா ஆறு மாதம் வாயே திறப்பதில்லை. பிறகு ஒரு நாள் கோழிகளை எல்லாம் விற்றுவிட்டு பஸ் ஏறுகிறாள். நகரமெல்லாம் அலைந்து, ஒரு மூன்றாவது மாடிக்கு ஏறி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டுகிறாள். திரை கறுப்பாகிவிடுகிறது.

எழுபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. பெயர் எதுவும் ஓடவில்லை. டப்பாவில் இரண்டு சிடி வைக்கும் குழி, ஒன்று காலி.

"இன்டர்வெல் உட்டாங்க" என்றார் அக்கா. "ரெண்டாவது எங்க?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. நம் வீடுகளில் எந்தப் படம் வாங்கினாலும் இரண்டு சிடி, மூன்று சிடி. கதவைத் தட்டுகிற இடத்தில் இடைவேளை விடாமல் வேறு எங்கே விடுவார்கள்? மற்றது கப்பல் பிளேயரிலேயே மாட்டிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு செய்தோம். ரொமெல் வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்த முகவரிக்கு நான் மெயில் அனுப்பினேன். பதில் இல்லை.

"வந்துச்சா?" என்று அக்கா தினமும் கேட்டார். பிறகு வாரம் ஒரு முறை.

ஜூன் மாதம் அலி அக்பர் ஹாலுக்குள் வந்து, வழக்கமான கிண்டல் இல்லாமல் நின்றான்.

"அக்கா, சாத்தாங்காட்டாண்ட உன் பொண்ண பாத்தேன். மாசமா கீது. ஒத்தையா கொடத்த தூக்கிகினு போவுது."

அக்கா துடைத்துக்கொண்டிருந்த மேஜையையே துடைத்தார்.

"போய்ப் பாரேங்க்கா" என்றேன்.

"போனா? அது வந்து 'ராங் நம்பரு'ன்னா? நான் சொன்னேன்ல, அதுவும் சொல்லும்." துணியைப் பிழிந்தார். "அந்தப் பொம்பள கத இன்னா ஆச்சுன்னு மொதல்ல தெரியட்டும். கோழியெல்லாம் வித்துட்டு வந்திருக்கா. அவளுக்கே தொறக்கலன்னா எனக்கு எங்க தொறக்கப் போவுது? இன்னொருக்கா எழுதிக் கேளு."

இன்னொரு முறை எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாத்தாங்காட்டுப் பக்கம் போகும் திருவொற்றியூர் பஸ் ஏறியிருக்கிறார். கடைசி நிறுத்தம்வரை போய், இறங்காமல், அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். கண்டக்டர் திட்டியதை மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு நடுவில் நின்றுபோனது. எழுந்து போய் அந்த சிடியைப் போட்டார். முக்காட்டைச் சரிசெய்யும் இடம் வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பேத்தி பிறந்த செய்தியும் அலி அக்பர் மூலமாகத்தான் வந்தது.

2007இல் நான் பயணக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தேன். அதை விட்டபிறகும் ஊர் திரும்ப மனமில்லாமல் சுற்றினேன். இஸ்தான்புல்லிலும் ருமேனியத் துறைமுகமான கான்ஸ்டான்சாவிலும் சிடிக் கடைக்காரர்களிடம் கோழி விற்ற அம்மாவின் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் வேறு ஏதோ படத்தை எடுத்துக் கொடுத்தார். ஒருவர் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

2009 ஜூலையில் ராயபுரத்துக்கு வந்தேன். அலமாரி காலியாகிக்கொண்டிருந்தது. கப்பல்காரர்கள் மடிக்கணினியிலேயே படம் வைத்துக்கொள்கிறார்கள். பச்சையம்மாக்கா இளைத்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே எல்லாம் போனாய், என்ன சாப்பிட்டாய் என்று எதுவும் கேட்கவில்லை.

"அந்த ரெண்டாவது சிடி கெடச்சுதா, மகிமா?"

இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுத் தேநீர் போடப் போனார். பேத்திக்கு அப்போது மூன்று வயது ஆகப்போகிறது. அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. ராயபுரத்திலிருந்து சாத்தாங்காட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

அடுத்த மாதம், நான் மறந்தே போயிருந்த மெயில் பெட்டியில் ரொமெலின் பதில் கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அக்காவிடம் படித்துக் காட்டுவதற்காகத் தமிழில் எழுதிவைத்தேன்:

"மன்னிக்கவும். இந்த முகவரியின் ரகசியச் சொல்லைத் தொலைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து இன்றுதான் திறக்கிறேன். எனக்குத் தேநீர் கொடுத்த அம்மாவை நினைவிருக்கிறது. இரண்டாவது சிடி என்று ஒன்று கிடையாது. டப்பா வேறொரு படத்தினுடையது. அவள் கதவைத் தட்டுவதோடு படம் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஓடும் பெயர்களை மட்டும், காப்பி எடுக்கும்போது இடம் போதாமல், நான்தான் விட்டுவிட்டேன். திறந்திருப்பார்களா என்று கப்பலில் நாங்களும் ஒரு வாரம் சண்டை போட்டோம். யாருக்கும் தெரியாது."